சொந்தப் புட்டிக்குப் போட்ட எண்ணெய்

என் பிரிய மகன் ஏழுமலைக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. ஆனால் நான் சுகமாக இல்லை. பங்காருபேட்டை ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, துண்டை மடித்துத் தொடைமேல் போட்டு, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். காலை வண்டியை விட்டுவிட்டேன். அடுத்த பெங்களூர் வண்டி சாயங்காலம்தான் என்கிறார்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, நானே கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். இதை நீ கடைசிவரை படித்து முடிக்கும் வரைக்கும் நீ இரும்பு பற்றவைக்க வைத்திருக்கிற அந்த இரும்புக் காற்றுப் புட்டியின் திருகைத் தொடாதே. அதன் வாயில் நான் எண்ணெய் போட்டுவிட்டேன். எண்ணெய் பட்ட புட்டியைத் திறந்தால் நெருப்பே வைக்காமல் அது பிடித்துக்கொள்ளுமாம். எப்படி, எதனால் என்பதை எல்லாம் பின்னால் எழுதுகிறேன். முதலில் இது உன் கண்ணில் பட வேண்டும்.

நேரில் வருகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். உன்னோடு பேசி நான் எப்போதாவது ஜெயித்திருக்கிறேனா? பயம் வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என் பயத்தைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வருகிறது. அது உன் அம்மாவிடமிருந்து வந்த சிரிப்பு, அதில் எனக்குக் கோபம் இல்லை. வாடகைப் புட்டி முதல்முதலாக சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கிற நம் ஸ்கெலட்டன் லைனுக்கு வந்த நாளை நினைத்துப் பார். அதை வேப்பமரத்தில் சாத்தி வைத்துவிட்டு, நான் ஷிப்டு முடிந்து வருகிற நேரம் பார்த்துத் திருகை லேசாகத் திறந்தாய். அது சீறிய சீறலில் நான் சாப்பாட்டுத் தூக்கை எறிந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டைத் தாண்டி ஓடினேன். லைன் முழுக்கச் சிரித்தது. நீ ஓடிவந்து என் தோளைப் பிடித்து, “இன்னாப்பா, வெறும் காத்துக்கா ஓடற? வா, நீயே வந்து பாரு” என்று இழுத்துக்கொண்டு போய், என் கண் முன்னாலேயே மறுபடியும் திறந்து காட்டினாய். என் பயத்துக்கு உனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். இன்றைக்கு நான் பயப்படுவதும் அதற்குத்தான். நான் உன் வாசலில் வந்து நின்று உளறினால், நீ உன் பெண்டாட்டி பச்சையம்மாவிடம் அப்பாவுக்குச் சோறு போடு என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்ப் புட்டியைத் திறந்து காட்டுவாய். உன்னைத் தடுக்க வருகிற நானே உன் கையை அந்தத் திருகுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் ஆவேன். அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரியும், நான் மறைத்ததும் இல்லை. ஆனால் என் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தச் சுரங்கத்துக்கு வந்த நாளாக நான் வைண்டிங் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவன். அந்தப் பெரிய உருளை சுற்றினால்தான் கயிறு இறங்கும், கயிறு இறங்கினால்தான் கேஜ் இறங்கும், கேஜுக்குள்ளே நம் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். உருளையின் தாங்கியில் எண்ணெய் வற்றினால் சூடேறும், சூடேறினால் இறுகும். பிறகு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே நான் விரும்பியதில்லை. அதனால் தாங்கியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் விளக்கெண்ணெயை ஊற்றிவிடுவேன். என் வேட்டி, என் தலைமுடி, நான் படுக்கிற பாய் எல்லாமே விளக்கெண்ணெய் நாற்றம்தான். கோடையில் உன் அம்மா என்னைப் பக்கத்தில் படுக்க விடமாட்டாள், திரி ஒன்று வைத்தால் நீங்களே எரிவீர்கள் என்பாள். இத்தனை வருஷத்தில் எண்ணெய் போட்டதால் ஒரு பொருள் கெட்டு நான் பார்த்ததில்லை. போடாமல் விட்டதால்தான் கெடும். இந்த ஒரே நம்பிக்கையில்தான் என் பிழைப்பு ஓடியது, ராத்திரித் தூக்கமும் வந்தது.

அந்த வாடகைப் புட்டிகள் நம் வீட்டில் எப்படி இருந்தன என்று யோசி. பட்டணத்து டிப்போவிலிருந்து ரயிலில் வரும், காலியானதும் திரும்பிப் போகும். இடையில் இந்தப் பங்காருபேட்டை ஏஜெண்ட் வெங்கடேசலு மாதம் தவறாமல் வந்து எட்டிப் பார்ப்பான். வந்ததும் வராததுமாகச் சிடுசிடுப்பான். வெயிலில் ஏன் வைத்தீர்கள், சாய்ந்திருக்கிறதே, அடுப்பங்கரை எவ்வளவு தூரம் என்று மாமியார் மாதிரி கேட்பான். சோப்புத் தண்ணீரைத் திருகின்மேல் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பான். பிறகு மடியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துச் சுத்தமாகத் துடைப்பான். நாங்கள் யாரும் அதைத் தொட மாட்டோம். உன் அம்மா அதன்மேல் ஈரத்துணி கூடக் காயப்போட்டதில்லை, “ஊரான் பொருளு நமக்கு இன்னாத்துக்கு” என்று விலகிப் போவாள். நீ மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் பட்டால் எரிவாயு விடுகிற உன் கார்பைடு டப்பாவையும் ஊதுகுழலையும் எடுத்துக்கொண்டு போய், உடைந்த இரும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்துக்கொண்டிருப்பாய். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தாயா, இல்லை. அந்த நீலத் தீயைப் பார்க்காமல் உனக்கு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். முதலில் ஒரு மயில் செய்தாய். இது மயிலா வாத்தா என்று உன் அம்மா கேட்டதற்கு நீ இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பிறகு நம் சுரங்கத்து இன்ஜினியர் துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். பியானோவையும் கட்டிலையும் விலை கேட்ட கூட்டத்தில் நீ ஒருத்தன்தான் அந்த இரும்புப் புட்டியைக் கேட்டாய். வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தால் தீ எரிந்தாலும் எரியாவிட்டாலும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சொந்தமாக ஒன்று இருந்தால் நிரப்பி வைத்துக்கொண்டு ஆசைப்பட்டபோது கொளுத்தலாம் என்று என்னிடம் கணக்குச் சொன்னாய். நான் எதிர்ப்பேன் என்று நினைத்தாய். நான் எதிர்க்கவில்லை. ஏன் தெரியுமா? நாம் இருக்கிற தட்டி வீடு கம்பெனியுடையது. நான் எண்ணெய் போடுகிற இன்ஜின் கம்பெனியுடையது. வேலை போனால் மறுநாளே கூரை போகும். நம் வீட்டுக்கு இரும்பில், நெஞ்சு உயரத்துக்கு, யாரும் வந்து இது எங்களுடையது என்று தூக்கிக்கொண்டு போக முடியாத ஒரு பொருள் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அதன்மேல் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. அக்கம்பக்கத்தில் இது என் மகனுடையது என்று சொல்லிக்கொண்டேன். வாடகைப் புட்டியைத் திருப்பி அனுப்பினோம். வெங்கடேசலு அதைத் துடைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதோடு அவன் வரத்தும் நின்றது. அன்றைக்கு அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, ஒரு சிடுமூஞ்சி குறைந்தான் என்று.

ஆவணியில் உன் கல்யாணம் நடந்தது. பெங்களூரில் பட்டாளம் இருக்கிற தண்டுப் பக்கம் குதிரைவண்டிப் பட்டறையில் வேலையும் கிடைத்தது. நல்ல இடமாகப் பார்த்துவிட்டுப் புட்டியை வரவழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, நிரப்பிய புட்டியை நம் வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் போனீர்கள். அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. நம் சுரங்கத்தில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும், துளைபோடுகிற மிஷினிலிருந்து கேஜ் வரைக்கும் எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடாமல் ஒரு ஆணிகூட விடமாட்டோம். வீட்டிலும் அப்படித்தான். அரிவாள்மணையைக் கழுவி வைத்தோம், உன் சுத்தியையும் இடுக்கியையும் வைத்தோம். உன் அம்மா வாசலைப் பார்த்தாள். “புள்ள பொருளு அது மட்டும் இன்னாத்துக்கு அனாதையா வெளியில நிக்குது, உள்ள எடுத்தாங்க” என்றாள். வாடகைப் புட்டி இரண்டு ஆயுத பூசை மரத்தடியிலேயே நின்றது, அப்போது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொந்தப் புட்டி என்றதும் அது வெளியில் நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

உள்ளே கொண்டுவந்து நிறுத்தினோம். அவள் மஞ்சள் தண்ணீரால் துடைத்துப் பொட்டு வைத்தாள். நான் என் பங்குக்கு எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். திருகின் மரையில் விட்டேன். குழாய் பூட்டுகிற வாய் காய்ந்து போனது மாதிரி இருந்தது, அதிலும் இரண்டு சொட்டு விட்டு விரலால் உள்ளே தடவினேன். நீ தூரத்தில் இருக்கிறாய், உன் பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் தடவினேன். எண்ணெய் போட்ட எதையும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால்தான் உள்ளே இறங்கும், அது என் தொழில் பழக்கம். கை திருகின்மேல் போய்விட்டது. உன் அம்மாவும் திருப்பித்தான் பாருங்களேன் என்றாள். எனக்கு அந்தச் சீறல் ஞாபகம் வந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். அவள் சிரித்தாள். அன்றைக்கு நான் பயப்படாதவனாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது. இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்.

நாலைந்து நாளில் புட்டியை அனுப்பச் சொல்லி உன் கடிதம் வந்தது. பொட்டும் மாலையுமாக அதைக் கோணியில் சுற்றி, மாட்டுவண்டியில் உரிகம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் நானே புக் செய்துவிட்டு வந்தேன். நேற்றுத்தான் வெங்கடேசலு வந்தான். வாடகைப் புட்டியின் திருகுச் சாவி ஒன்று நம் வீட்டிலேயே தங்கிவிட்டதாம், அதைக் கேட்டு வந்தான். சாவியை எடுத்துத் துடைத்து, பழக்கதோஷத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை. எதற்கு எண்ணெய் என்று கேட்டான். துரு ஏறாமல் இருக்கத்தான், எங்கள் சொந்தப் புட்டிக்கும் பூசைக்கு எண்ணெய் போட்டுத்தான் அனுப்பினேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எப்போதும் சிடுசிடுக்கிறவன் நேற்று மெதுவாகப் பேசினான். அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

“அந்த ஆக்சிஜன் காத்துக்கும் எண்ணெய்க்கும் ஆவாது பெரியவரே. குச்சி கிழிக்கவே வாணாம். தெறந்த வேகத்துல அதுவா புடிச்சிக்கும். பித்தளையும் சேந்து எரியும். எதிர்ல கீறவன் மூஞ்சி மிஞ்சாது” என்றான்.

அவன் ஏன் அந்த வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் எப்படியாவது அதில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் அவன் துடைத்திருக்கிறான். சுரங்கத்து வீடு என்றால் கதவுத் தாழ்ப்பாளில்கூட எண்ணெய் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். நீ உன் கையைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டுத்தான் புட்டியைத் தொடுவாய், நான் பார்த்திருக்கிறேன். அப்பன் எண்ணெய் போடுவான் என்று நீ எப்படி நினைப்பாய்? வாய்க்குள் போனது உன் கண்ணுக்கும் தெரியாது. திறப்பதற்கு முன்னால் காதைத் திருகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சத்தம் கேட்கிற பழக்கம் உனக்கு உண்டு. நேற்றிலிருந்து கண்ணை மூடினால் எனக்கு அதுதான் தெரிகிறது. உன் காது, உன் கன்னம், அந்தப் பித்தளை வாய்.

உடனே தந்தி ஆபீசுக்கு ஓடினேன். எண்ணெய் இருக்கிறது, திறக்காதே என்று அடிக்கச் சொன்னேன். அங்கே இருந்த தந்தி பாபு இங்கிலீஷில் என்ன அடித்தாரோ தெரியாது. இன்று காலை உன் பதில் வந்தது, படித்துச் சொன்னார். புட்டி நலமாக வந்து சேர்ந்தது, பயப்பட வேண்டாம், நாளை பற்றவைக்கிறேன், பச்சையம்மா பார்க்க ஆசைப்படுகிறாள். அவ்வளவுதான். தப்பு என்னுடையதுதான். பிளேக் வதந்திக்கு ஒரு தந்தி, நீ ரயிலில் போன அன்றைக்கு மழை பெய்ததற்கு ஒரு தந்தி என்று அனுப்பி அனுப்பி என் தந்திக்கு உன்னிடம் மதிப்பில்லாமல் செய்துவிட்டேன். உன் அம்மா பதிலைக் கேட்டதிலிருந்து சிரிக்கவில்லை. அடுப்பு மூட்டவில்லை. என் சட்டையை எடுத்துக் கொடுத்து, போய் அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். அதை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன்.

நாளைக்குத்தான் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் நீ எதற்காவது நாளை வரைக்கும் காத்திருந்திருக்கிறாயா? தீபாவளிப் பட்டாசை முதல் நாளே கொளுத்துகிறவன் நீ. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நிற்கிறேன், எல்லாம் சரக்கு வண்டி. பக்கத்தில் ஒருத்தர் கடலை கொடுத்தார், வாங்கி மடியில் முடிந்துகொண்டேன். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

எனக்கு இப்போது தெரிவதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். சொந்தமாக வாங்கினால் லாபம் என்று நீ சொன்னாய், நானும் தலையாட்டினேன். நாம் இரண்டு பேரும் இரும்பை மட்டும்தான் பார்த்தோம். வாடகைக்கு எடுத்தபோது இரும்போடு சேர்ந்து ஒரு மனுஷனும் வந்தான், நமக்குப் பிடிக்காதவன், நம்மை நம்பாதவன். நம்மை நம்பாததால்தான் துடைத்தான். சொந்தமாக்கிக்கொண்டதும் அவனை அனுப்பிவிட்டோம். அந்த இடத்தில் நான் வந்து உட்கார்ந்தேன், பாசத்தையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துக்கொண்டு. அந்தப் புட்டி துரையிடம் எத்தனை காலம் இருந்தது, எங்கே விழுந்தது, உள்ளே துரு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? கேட்க ஆளில்லை. பட்டறையில் நாள் முழுக்க இதுவே தொழிலாக இருக்கிறவன் சொந்தமாக வைத்துக்கொள்ளட்டும், தினமும் அதன் முகத்தைப் பார்க்கிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குக் கொளுத்துகிற உனக்கு, மற்ற நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சிடுமூஞ்சி வேண்டும். நீ கொடுக்கிற வாடகை அந்தச் சிடுமூஞ்சிக்குத்தான்.

இப்போது உன்னிடம் இன்னொரு ஆளும் இருக்கிறாள். பச்சையம்மாவும் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்தான், அவள் அப்பாவும் எண்ணெய்க் குப்பியைப் பிடித்தவர்தான். அடுத்த ஆயுத பூசைக்கு அவளும் உன் பொருள் என்று அதை உள்ளே எடுத்துவருவாள், பொட்டு வைப்பாள், எண்ணெய் போடுவாள். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போவாய். அவள் மனது கேட்காது, நீ இல்லாத நேரத்தில் போடுவாள். அவள்மேல் நான் குறை சொல்லவில்லை, என் மனதே கேட்கவில்லையே. தீயை விட்டுவிடு என்றும் நான் சொல்லவில்லை. அந்தத் தீயைப் பார்க்கும்போது உன் முகம் இருக்கிற இருப்பு எனக்குத் தெரியும், எவ்வளவு பயந்தாலும் நான் அதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாடகைக்கு எடு, அவ்வளவுதான் கேட்கிறேன். இந்தப் புட்டியைத் திறக்காமல், துடைக்கக்கூடச் செய்யாமல், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுகிறேன் என்று கிளம்பாமல், அப்படியே வெங்கடேசலுவிடம் கொடுத்துவிடலாம். அவன் பட்டணத்துக்கு அனுப்பி எண்ணெயை எடுக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றான். முடியாவிட்டால் போகட்டும். நம் முதல் சொந்தப் பொருள் போனது என்று நான் ஒரு நாள் அழுதுவிட்டு விட்டுவிடுவேன்.

மணி அடித்துவிட்டார்கள், வண்டி வருகிறதாம். மீதியை ஆடுகிற வண்டியில் எழுத முடியாது. உன் தெருவுக்கு வந்து, உன் வீடு எரியாமல் முழுசாக இருந்து, நீ வாசலுக்கு வந்து நின்றால் போதும். தாளைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். நீ வெளிச்சத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படி. நீ இந்த வரிக்கு வரும்போது நான் அந்தப் புட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் திருகைப் பொத்திக்கொண்டிருப்பேன். உன் அப்பனை நீ அப்படிப் பார்த்திருக்க மாட்டாய். சிரிப்பு வந்தால் சிரி, ஏழுமலை. என் கையை மட்டும் எடுக்காதே.

உன் அப்பா